மீதியெல்லாம் பொட்டாசியம்

ஒரு சோதனையின் எண்களையெல்லாம் கூட்டினால் சரியாக நூறு வருகிறது என்று யாராவது பெருமையாகக் காட்டினால், எனக்கு அந்த ஆள்மேல் உடனே சந்தேகம் வந்துவிடும். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் இந்தப் புத்தி போகவில்லை. மாத்திரை அட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டுத்தான் விழுங்குவேன். என் மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

என்னிடம் வேலை பழகியவர்கள் இரண்டு பேர் இப்போது ஒரு பெரிய கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்கள். புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். ஒரு சிட்டிகை பொடியை வைத்து மூடுகிறார்கள். எது எத்தனை சதவீதம், வாய்பாடு என்னவாக இருக்கும் என்பதுவரை தாளில் அடித்துத் தள்ளுகிறது. கடைசி வரியில் மொத்தம் நூறு. ஆக்சிஜனை இது எப்படி அளக்கிறது என்று கேட்டேன். "அதை அளக்காது சார், மத்ததையெல்லாம் கழிச்சு மீதியை அதுவே ஆக்சிஜன்னு வச்சுக்கிடும்" என்றார்கள். தாளை வாங்கிக் கடைசி வரியை மறுபடி பார்த்தேன்.

"இந்த மெஷின் இல்லாதப்ப நீங்கள்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான் ஒருவன்.

"சந்தேகப்பட்டுத்தான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மீதி என்ற ஒரு சொல்லால் ஒரு மனிதனின் வாழ்க்கை எப்படி அந்தரத்தில் தொங்கியது என்று அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில் கோவில்பட்டியில் தீப்பெட்டி முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். ஆபீஸுக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் குச்சி அடுக்கப் போகிறாள் என்று அர்த்தம். அந்த ஆபீஸ்களுக்கு வரும் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித் தூள் எல்லாம் சரியான சரக்குதானா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நான் பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பட்டத்தோடு பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பில் அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கக் கண்ணாடிக் குடுவை கழுவினேன், தராசு துடைத்தேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

எங்கள் தலைமை வேதியியலர் கிருபாகரன் சார். மெலிந்த மனிதர், பேச்சு குறைவு, கண் மட்டும் ஓயாது. எடை போடும்முன் ஜன்னல்களைச் சாத்துவார். கோவில்பட்டிக் காற்று கரிசல் தூசியோடு உள்ளே வந்தால் தராசுத் தட்டில் எது மருந்து, எது மண் என்று தெரியாது. ஒரே பொருளை நாங்கள் திரும்பத் திரும்ப எடை போட வேண்டும். முந்தின எடையைத் தாளில் பார்த்துவிட்டால் கை தானாக அதற்கே போகும் என்று அதன்மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிடுவார். எந்த ஆபீஸிலிருந்து சரக்கு வந்தாலும் அதைத் தன் கையால் வேறு புட்டியில் மாற்றி, தனக்கு மட்டும் புரிகிற ஒரு குறி போட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார். யாருடைய சரக்கு என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. சரக்கு கொண்டுவருகிற ஆள் வாங்கித் தரும் காப்பியைக் குடிக்க மாட்டார். நாங்கள் குடித்தாலும் அன்றைக்கு எங்கள் எண்களை நம்ப மாட்டார்.

"நம்பிக்கையெல்லாம் கோயில்ல வச்சுக்கிடணும் வே" என்பார். "இங்கன தராசு."

அப்படிப்பட்ட மனிதரிடமும் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லும்முன் வாய்பாடு கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. ஒரு மூட்டையில் தேங்காயும் எலுமிச்சையும் கலந்து கிடக்கிறது என்று வையுங்கள். மூட்டையைப் பிரிக்காமல், மொத்த எடையில் தேங்காய் எவ்வளவு, எலுமிச்சை எவ்வளவு என்று மட்டும் ஒருவன் சொல்கிறான். ஒரு தேங்காயின் எடையும் ஒரு எலுமிச்சையின் எடையும் நமக்குத் தெரிந்தால், வகுத்துப் பார்த்து ஒரு தேங்காய்க்கு எத்தனை எலுமிச்சை என்று சொல்லிவிடலாம். வேதிப் பொருளிலும் இதேதான். நூறு பங்கு எடையில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை பங்கு என்று பார்த்து, அதனதன் அணு எடையால் வகுத்தால், எண்ணிக்கை விகிதம் கிடைக்கும். அது முழு எண்ணாக வர வேண்டும். அரைத் தேங்காய் மூட்டைக்குள் இருக்காது.

தீக்குச்சி மருந்தில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரேட். ஒரு பொட்டாசியம், ஒரு குளோரின், மூன்று ஆக்சிஜன். சுட்டால் ஆக்சிஜன் முழுக்கப் போய்விடும். எவ்வளவு எடை குறைந்ததோ அதுதான் ஆக்சிஜன். மிச்சத்தைக் கரைத்து வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விட்டால் குளோரின் எவ்வளவு என்று தெரியும். பொட்டாசியத்தை அளப்பதுதான் பெரிய தலைவலி. அதற்கு வேண்டிய பொருள் எங்களிடம் இல்லை, நேரமும் இல்லை. அதனால் அந்த இரண்டையும் நூறிலிருந்து கழித்துவிட்டு, "மீதியெல்லாம் பொட்டாசியம்" என்பார் கிருபாகரன் சார். நாங்கள் எழுதிக்கொள்வோம். எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருந்த வழக்கம்தான் அது. மொத்தம் எப்போதும் நூறு வரும். வராமல் எங்கே போகும்?

ஒரு தடவை எட்டயபுரத்திலிருந்து ஒரு கடைக்காரர் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட், கொண்டுவந்தார். நல்ல நீலமாக இருக்க வேண்டிய கட்டி வெளிறிப் போய்க் கிடந்தது. கலப்படச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அனுப்பியவன்மேல் அவருக்கு ஆத்திரம். பார்த்தால் செம்பு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. "கலப்படம் பண்ணுதவன் குறைப்பானே தவிர கூட்டுவானா வே?" என்று கிருபாகரன் சார் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். வகுத்துப் பார்த்தபோது ஒரு செம்புக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறு இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய மூன்றுதான் இருந்தது. கடைக்காரர் மூட்டையைத் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் போட்டுவைத்திருக்கிறார். வெயில்தான் தண்ணீரைக் குடித்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு இந்தக் கணக்கின்மேல் ஒரு மரியாதை. ஆனால் அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை சற்று முன்னாலேயே இறங்கிவிட்டது. ராஜாமணி முதலாளி என்று ஒருவர். நடுத்தரமான தீப்பெட்டி ஆபீஸ், நூறு பெண்களுக்கு மேல் வேலை செய்தார்கள். மலையாளத்துப் பக்கம் போன அவருடைய பண்டல்கள் அப்படியே திரும்பி வந்தன. குச்சியின் தலை ஈரம் கோத்து நெகிழ்ந்துபோயிருந்தது. உரசினால் தீப்பிடிக்காமல் பெட்டியில் சேறாக ஈஷியது. மழைக்காலத்தில் கொஞ்சம் நமுத்துப்போவது உண்டுதான். ஆனால் பக்கத்து ஆபீஸ் குச்சியெல்லாம் சடசடவென்று பற்றிக்கொண்டிருந்தபோது இவருடையது மட்டும் இப்படி.

அவர் எங்களிடம் வந்தபோது தனியாக வரவில்லை, கூடவே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் வந்தார்.

"மருந்து கலக்குதவன் கைவரிசை சார்" என்றார் முதலாளி, நாற்காலியில் உட்காரும்முன்னே. "டிரம்ல இருந்து குளோரேட்டை எடுத்து வித்துட்டு, தூத்துக்குடி உப்பைக் கொட்டி நிரப்பியிருக்கான். உப்பு தண்ணி குடிக்காம என்ன செய்யும்?"

இன்ஸ்பெக்டருக்கு வேறு கவலை. சில வாரங்களுக்குமுன் விளாத்திகுளம் பக்கம் ஒரு கோஷ்டிச் சண்டையில் நாட்டு வெடிகுண்டு வீசியிருந்தார்கள். அதற்குக் குளோரேட் எங்கேயிருந்து போனது என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டான். "எத்தனை பர்சென்ட் உப்புன்னு மட்டும் எழுதிக் குடுங்க சார், போதும். மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

அந்த ஆள் வெயிலுமுத்து. எனக்குத் தெரிந்தவர்தான். இடைசெவல்காரர், நாற்பது வயது இருக்கும். கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்துக்கொண்டு, மழை பொய்த்த வருஷத்தில் மருந்து அறை வேலைக்கு வந்து அதிலேயே நிலைத்துவிட்டார். சரக்கைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். கிருபாகரன் சார் உள்ளே விடமாட்டார் என்று தெரிந்து வாசலிலேயே நின்று, "பெரிய சார் கேட்டா கைபடாம கொண்டாந்தேன்னு சொல்லுங்க சார்" என்பார். இப்போது அவர் லாக்கப்பில் இருந்தார். அடி பலம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் எடுத்திருக்க மாட்டார் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து அறைச் சாவி வைத்திருக்கிறவன் எடுக்காமல் வேறு யார் எடுப்பான் என்பதுதான் ஊர்ப் பேச்சு. எங்கள் எண் ஒன்று வந்துவிட்டால் அவர் ஜெயிலுக்குப் போவது உறுதி. குண்டு வழக்கையும் சேர்த்துவிட்டால் எப்போது வெளியே வருவார் என்று தெரியாது.

மருந்து அறையில் திறந்திருந்த டிரம்மிலிருந்து எடுத்த பொடியை இன்ஸ்பெக்டர் கொடுத்தார். இந்தத் தடவை குறி போட்டு மறைப்பதற்கு ஒன்றுமில்லை, யாருடையது என்று ஊருக்கே தெரியும். கிருபாகரன் சாருக்கு அதுவே பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் புட்டியை வாங்கினார்.

என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. சுத்தமான பொட்டாசியம் குளோரேட்டைச் சுட்டால் நூற்றுக்கு 39.2 பங்கு குறையும். சமையல் உப்பு எவ்வளவு சுட்டாலும் குறையாது. ஆகவே உப்புக் கலந்திருந்தால் 39க்குக் கீழேதான் வர வேண்டும். எவ்வளவு கீழே என்பதுதான் இன்ஸ்பெக்டருக்கு வேண்டிய எண். பொடியை உலர்த்தி, மூசை என்கிற பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மூடி போட்டு, சிறிய உலையில் மெல்ல மெல்லச் சுட்டேன். ஆறவைத்து எடை போட்டேன். 45 பங்கு குறைந்திருந்தது.

"தெறிச்சுட்டு வே" என்றார் கிருபாகரன் சார். குளோரேட் உருகும்போது பொங்கித் தெறிக்கும். தெறித்து வெளியே போனதும் எடைக்குறைவாகத்தான் தெரியும். மறுபடி சுட்டேன். அதேதான். என்னை நம்பாமல் அவரே உட்கார்ந்து, மூசைக்குமேல் ஒரு துளிப் பொடி ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு, தன் கையாலேயே சுட்டார். 45.1. மயில்துத்தத்தில் வந்த அதே கேள்வி. உப்பைக் கொட்டியவன் ஆக்சிஜனை எங்கேயிருந்து கூட்டினான்?

மிச்சத்தைக் கரைத்து வெள்ளி நைட்ரேட் விட்டேன். வெள்ளையாகத் திரிந்து திரிந்து, கடைசிச் சொட்டில், குளோரின் தீர்ந்ததற்கு அடையாளமாக, செங்கல் நிறம் வந்தது. குளோரின் 33.3. இரண்டும் சேர்ந்து 78.4. கழித்தால் 21.6.

"மீதியெல்லாம் பொட்டாசியம்" என்றார் அவர். ஆனால் குரல் வழக்கம்போல இல்லை.

வகுத்துப் பார்த்தோம். பொட்டாசியத்தின் அணு எடை 39.1. 21.6ஐ அதனால் வகுத்தால் 0.55. குளோரின் 35.5, வகுத்தால் 0.94. ஆக்சிஜன் 16, வகுத்தால் 2.82. ஒரு பொட்டாசியத்துக்கு 1.7 குளோரின், 5.1 ஆக்சிஜன். முழு எண் வரவில்லையே என்று அவர் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினார். மூன்று, ஐந்து, பதினைந்து என்று வந்தது. ஐந்திலும் பதினைந்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

"முழு எண் வந்துட்டு" என்றார்.

"இப்படி ஒரு சரக்கு எந்தப் புஸ்தகத்துல இருக்கு சார்?"

 நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் பிழை விட்டிருப்பார் என்ற சந்தேகத்தில்தான் பார்த்தேன், அவர் என்மேல் பட்ட சந்தேகத்துக்குப் பதிலாக. அப்போதுதான் நடுவிலும் கடைசியிலும் இருந்த எண்கள் கண்ணில் பட்டன. 0.94, 2.82.

"சார், குளோரினையும் ஆக்சிஜனையும் மட்டும் பாருங்க. ஒண்ணுக்கு மூணு. அசங்காம நிக்குது. குளோரேட்டுக்கு அதுதான கணக்கு?"

"ஆமா."

"அந்த ரெண்டையும் நாம அளந்தோம்."

"அப்ப இடிக்கது எது?"

"அளக்காதது சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பொட்டாசியம்னு உமக்கு யாரு வே சொன்னது?"

"டிரம்ல எழுதியிருக்கு சார்."

"டிரம்ல எழுதுனவன் யாரு?"

 அவர் தாளில் இருந்த பொட்டாசியம் என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்தார். "உம்மைச் சந்தேகப்பட்டேன், உலையைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணையே சந்தேகப்பட்டேன். இவனை ஒருநாளும் சந்தேகப்படல பாத்தீரா" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டார். ஒரு குளோரினுக்கு ஒரு உலோக அணு என்றால் அதுவும் 0.94 தான் இருக்க வேண்டும். 0.94 பங்குக்கு 21.6 எடை வர வேண்டுமானால் அந்த உலோகத்தின் அணு எடை என்ன? வகுத்தோம், 23 வந்தது. புத்தகத்தைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது சோடியம். டிரம்மில் இருந்தது பொட்டாசியம் குளோரேட்டும் இல்லை, அதில் உப்பும் கலக்கவில்லை. முழுக்கச் சோடியம் குளோரேட். ஆங்காங்கே களை கொல்ல உபயோகிக்கிற பொருள். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடி. ஆனால் இது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தீப்பெட்டிக்கு ஆகாது.

கம்பியில் பொடியைத் தொட்டுச் சுடரில் காட்டினேன். பளிச்சென்று சோடியத்தின் மஞ்சள். "அது சாட்சி இல்லை" என்றார் சார். "இந்த ஊர்ல உம்ம விரல் வேர்வை பட்டாலே மஞ்சளா எரியும்." மஞ்சளை மறைக்கிற நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். பொட்டாசியம் கொஞ்சம் இருந்தாலும் அதில் ஊதா தெரியும். எங்கள் அலமாரியில் இருந்த நல்ல குளோரேட்டைக் காட்டியபோது ஊதா தெரிந்தது. டிரம் பொடியில் தெரியவில்லை. அப்போதுதான் அவர் பேனாவை எடுத்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெயிலுமுத்து தப்பித்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன். இன்ஸ்பெக்டரும் முதலாளியும் வந்து உட்காரும்வரைதான் அந்த நினைப்பு.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க சார். டிரம்ல என்ன இருந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிருபாகரன் சார் நிதானமாக, படிப்பில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னார். "குளோரிக் அமிலத்தோட சோடியம் உப்பு."

"அதான. உப்பு."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.  "சார், அந்த உப்பு இல்லை சார் இது" என்று குறுக்கே விழுந்தேன்.

"எந்த உப்பு இல்லை? உப்புல எத்தனை இருக்கு?"

"நிறைய இருக்கு சார். துத்தமும் உப்புதான், படிகாரமும் உப்புதான். நாங்க எல்லாத்தையும் உப்புன்னுதான் சொல்லுவோம்."

"உங்க பாஷை எனக்கு வேண்டாம் தம்பி. சோடியம்னா உப்பா இல்லையா? எங்க வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துல அதைத்தான் படிக்கான்."

கண்டுபிடிக்காமலே இருந்திருந்தால்கூட வெயிலுமுத்துவுக்கு நல்லது என்று தோன்றியது. சரியான விடை வந்து சரியாக அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. ஓடிப்போய் வாசலில் டீக்கடைக்காரரிடம் அடுப்புக் கங்கு கொஞ்சம் வாங்கிவந்து தகரத்தில் வைத்தேன். ஒரு கை சமையல் உப்பைப் போட்டேன். படபடவென்று வெடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. டிரம் பொடி ஒரு சிட்டிகைதான் போட்டேன். கங்கு வெள்ளையாகச் சீறிக்கொண்டு எரிந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"சரி, எரியுது" என்றார் தெளிந்தபிறகு. "அப்ப நல்ல சரக்கை எடுத்துட்டு இதை அவன்தான் மாத்தி வச்சிருக்கணும்."

சந்தேகத்துக்கு எப்போதும் இன்னொரு வழி கிடைத்துவிடும். நான் கிருபாகரன் சார் பக்கம் திரும்பினேன். "அவர் செய்யலைன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க சார்" என்றேன்.

"அவன் செய்யலைன்னு எந்தக் குடுவையில பாத்தீரு வே?"

அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கல்லு மனுஷன் என்று மனசுக்குள் திட்டினேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே வண்டியில வந்த டிரம்ல இன்னும் திறக்காதது இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு..." என்று இழுத்தார் முதலாளி. "ஆனா சீலை உடைச்சா அனுப்புனவன் திருப்பி எடுக்க மாட்டான் சார். அதை எதுக்குப் போட்டு..."

அதுவரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையைத் திருப்பி முதலாளியைப் பார்த்தார். "உடைங்க" என்றார்.

அவர் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் போய்ப் பார்த்தோம். மூடியில் கம்பி முறுக்கி, அதன்மேல் ஈய முத்திரை. யாரும் தொட்ட தடம் இல்லை என்று கிருபாகரன் சார் எல்லோர் முன்னாலும் தடவிப் பார்த்தார். உடைத்து, நீளக் குழாயை விட்டு மேலே, நடுவில், அடியில் என்று தனித்தனியாக எடுத்தோம். மறுபடி உலை, மறுபடி வெள்ளி நைட்ரேட். எல்லாவற்றிலும் அதே 45, அதே 33. முத்திரைக்குள்ளும் சோடியம் குளோரேட்தான். பொட்டாசியம் என்பது டிரம்மின் மேலே இருந்த எழுத்தில் மட்டும். அந்த நாட்களில் பொட்டாசியம் குளோரேட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. எவனோ கிடைத்ததை அடைத்துப் பெயரை மாற்றி அனுப்பியிருக்கிறான். முதலாளிக்குத் தெரிந்தே வந்ததா, தெரியாமலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தே வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அதை எந்தக் குடுவையிலும் பார்க்கவில்லை.

வெயிலுமுத்துவை விட்டுவிட்டார்கள். ரிப்போர்ட்டில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. வரவும் வராது. இன்ன டிரம், இன்ன பொருள், இன்ன சதவீதம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிருபாகரன் சார் திருநெல்வேலிவரை போய்ப் பொட்டாசியத்தை அளப்பதற்கு வேண்டியதையெல்லாம் வாங்கிவந்தார். நேரம் இழுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அளந்தோம். மொத்தம் 99.6 வரும், 100.3 வரும், அதைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. மீதி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் பிறகு கேட்டதில்லை.

முதலாளி வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியும் வெயிலுமுத்து வரவில்லை. ஒருநாள் கிருபாகரன் சார் என்னைக் கூப்பிட்டு, "நீரு ஒரு நடை இடைசெவலுக்குப் போயிட்டு வாரும். ரிப்போர்ட்ல எழுத முடியாததை வாயால சொல்லலாம்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டேன். "யாரு, அந்த உப்பு போட்டவனா?" என்று கேட்டார் டீக்கடையில் இருந்தவர். "ரிப்போர்ட்லயே உப்புன்னு வந்துட்டாமே. எப்படியோ ஆளைப் பிடிச்சு வெளிய வந்துட்டான்." நான் நின்று விளக்கம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். நம்பினார் என்று தோன்றவில்லை.

வெயிலுமுத்து வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சண்முகத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியை ஒட்டி நின்றாள். நான் பாடம் நடத்துவதுபோல் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அனுப்பியவனே தப்பான சரக்கை அனுப்பிவிட்டான் என்றும், முத்திரை உடைக்காத டிரம்மிலும் அதுதான் இருந்தது என்றும், அவர் கை அதில் பட்டிருக்கவே முடியாது என்றும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கேட்டாள்.

"அப்ப இவிய உப்பு போடலையா சார்?"

அவர் தலையை நிமிர்த்தினார்.

"போடலைன்னு நான் சொன்னேன்லா ஏட்டி" என்றார். சத்தமே இல்லை அந்தக் குரலில்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.  நான் தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "சார், அந்தப் பொடியை ஒரு தடவைதான் சுட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. திரும்பத் திரும்பச் சுட்டோம்."

"ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்துச்சா?"

"ஆமா. அதனாலதான் நம்புனோம்."

"என்னையும் திரும்பத் திரும்பத்தான் அடிச்சாங்க. நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். அதை ஏன் சார் ஒருத்தரும் நம்பல?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நிலைப்படியில் நின்ற சண்முகத்தாய்தான் அழுதாள்.